முகமூடிக்கு முன்னால் ஒரு பைனாகுலர்

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து 27 வயது இளைஞர் ஒருவர் ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளும் இடமும் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

மூன்று மாதங்களுக்கு முன் ஒரு விடியற்காலை. அவர்கள் குடியிருக்கும் லயத்துக்கு, அதாவது வரிசை வீடுகளுக்கு, மேலே இருக்கும் பாதை முடக்கில் ஒரு லொறி புரண்டு தேயிலைக்குள் சரிந்திருக்கிறது. மரக்கறித் தோட்டங்களுக்கான மருந்து போத்தல்களும் நீலக் கேன்களும் உடைந்து, உள்ளே இருந்தது கான் (வடிகால்) வழியாகக் கீழே ஓடியிருக்கிறது. சாரதி கதவில் ஒரு காலை வெளியே போட்டபடி கத்திக்கொண்டிருந்தாராம். இவரும் நான்கு நண்பர்களும் ஓடி இறங்கி அவரைத் தூக்கி வந்து, முச்சக்கரவண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சாரதி பிழைத்துக்கொண்டார். ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் தூக்கியவர்களில் மூவருக்குக் கண்ணீர், எச்சில், வாந்தி. "விடிந்த பிறகும் விடியாத மாதிரி" பார்வை மங்கியது என்று எழுதுகிறார். முச்சக்கரவண்டி ஓட்டிய அண்ணனுக்கும் அதே கதை. சாரதியின் உடுப்பைக் கழற்றிய தாதிக்குத் தலைசுற்றல். நண்பர்கள் மூவரும் மருந்து வாங்கிக்கொண்டு அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஒருவருக்கு இருமல் இன்னும் நிற்கவில்லை. மணம் இரண்டு மணி நேரத்தில் போய்விட்டதால் எல்லாம் முடிந்தது என்று நினைத்து, பிள்ளைகள் அன்று பின்னேரமே கீழேயுள்ள தண்ணீர்ப் பீலியில் குளித்திருக்கிறார்கள்.

இப்போது இளைஞர் மன்றம் ஒரு மீட்புக் குழு அமைக்கிறது. திருவிழாக் கணக்கில் மிஞ்சியதும் ஊர் வசூலுமாக 180,000 ரூபா கையில் இருக்கிறது. ஆறு வாயு முகமூடி, மழைக்கோட்டு, கையுறை வாங்குவது திட்டம். ஒருவர் வந்து இரண்டு நாள் பயிற்சி தந்து சான்றிதழும் கொடுப்பதாகச் சொல்கிறாராம், ஆளுக்கு 9,000 ரூபா. தோட்ட நிர்வாகம் 'இது எங்கள் வேலை இல்லை' என்று கையை விரித்துவிட்டது. அவர் கேட்பது மூன்று கேள்வி. இந்தச் சாமான் போதுமா? சான்றிதழ் எடுத்தால் உள்ளே இறங்கலாமா? இறங்காமல் நின்று ஒரு உயிர் போனால் பாவமும் வழக்கும் எங்கள் தலையிலா?

தம்பி, உங்களை ஏச எனக்கு மனமில்லை. ஒருவர் கத்தும்போது ஓடுகிற கால் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆனாலும் ஒரு கணக்கைப் பார்க்கச் சொல்வேன். அன்று காலை அந்த முடக்கில் நோயாளி ஒருவர். மதியத்துக்குள் ஆறு பேர். சாரதி பிழைத்ததால் நீங்கள் செய்தது சரியான முறை என்று மனதில் பதிந்துவிட்டால், அடுத்த லொறி அந்தப் பாடத்தை வேறு மாதிரித் திருத்தும்.

நீங்களே எழுதிவிட்டு யோசிக்காமல் கடந்துபோன வரி ஒன்று இருக்கிறது. சாரதி கத்தினார், ஒரு காலை வெளியே போட்டிருந்தார். கத்துகிறவருக்கு மூச்சு இருக்கிறது. காலை வெளியே போட்டவருக்கு அசையவும் முடிகிறது. அவரிடம் ஐந்து பேர் இறங்க வேண்டியதில்லை. மேல் பாதையில் நின்று, "அண்ணே, இந்தப் பக்கம் ஏறி வாங்க, கான் பக்கம் போகாதீங்க" என்று சத்தம் போட்டு, ஒரு கயிற்றையும் வீசியிருந்தால் அவர் தானாகவே ஏறி வந்திருக்கக்கூடும். நடக்கக்கூடியவரை நம் பக்கம் வரவழைப்பது ஆபத்தான இரசாயன விபத்துப் பயிற்சியில் ஆரம்பத்திலேயே சொல்லித் தருவது. யாரும் உங்களுக்கு அதைச் சொல்லித் தந்ததில்லை, அவ்வளவுதான்.

அன்று உங்களைத் தாக்கியது எது

நான் அந்த லொறியைப் பார்க்கவில்லை. கண்ணீர், எச்சில், வாந்தி, வெளிச்சம் மங்குவது என்று நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், பாஸ்பரஸ் வகை அல்லது அதே மாதிரி வேலை செய்யும் கார்பமேட் வகைப் பூச்சிமருந்து என்றுதான் எந்த வைத்தியரும் முதலில் சந்தேகிப்பார். இந்த மருந்து கண்ணின் பாப்பாவை ஊசிமுனை அளவுக்குச் சுருக்கிவிடும். விடிந்தும் விடியாத மாதிரி இருந்தது அதனால்தான்.

இது மூக்கு வழியாக மட்டும் உள்ளே போவதில்லை. தோல் வழியாகவும் போகும். நனைந்த உடுப்பு உடம்பில் இருக்கும் நேரமெல்லாம் போய்க்கொண்டே இருக்கும். சாரதியை மார்போடு அணைத்துத் தூக்கிய உங்கள் சுவெட்டர், அவரைச் சாய்த்து வைத்த முச்சக்கரவண்டி, கட்டிலருகில் குனிந்த தாதி என்று அது ஆள் மாறி ஆள் வந்திருக்கிறது. அன்று உங்களிடம் உலகத்திலேயே விலை கூடிய முகமூடி இருந்திருந்தாலும் சுவெட்டர் நனைந்தது நனைந்ததுதான்.

ஆஸ்பத்திரிக்காரர்களே இதில் ஏமாந்திருக்கிறார்கள். 1995 மார்ச் 20 அன்று தோக்கியோ சுரங்க ரயிலில் சரின் என்ற நச்சை வைத்தார்கள். சரின் நம் பூச்சிமருந்துகளின் கொடிய உறவுக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலிருந்த ஒரு பெரிய வைத்தியசாலைக்கு அன்று 640 பேர் வந்தார்கள். அவர்களைப் பார்த்த ஊழியர்களில் சுமார் 110 பேருக்கு அறிகுறி வந்தது. ரயில் நிலையத்துக்கே போகாதவர்கள் அவர்கள். நோயாளிகளின் உடுப்பிலிருந்து கிளம்பிய ஆவிதான் காரணம். வைத்தியசாலைக்குள் இருந்த, காற்றோட்டம் குறைந்த சிற்றாலயத்தில் வேலை செய்தவர்களைத்தான் அது அதிகம் பிடித்தது.

தோக்கியோ வரைக்கும் போவானேன், என் கதையையே சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மலைநாட்டில் ஒரு சிறிய ஆஸ்பத்திரி. கிழங்குத் தோட்டத்தில் மருந்தடித்த ஒருவரை இரவில் கொண்டுவந்தார்கள். மருந்துத் தாங்கி முதுகில் ஒழுகி, இரண்டு சுவெட்டரும் ஊறிப்போயிருந்தது. குளிர் என்று ஜன்னல்களைச் சாத்தியிருந்தோம். நான் அத்ரோப்பின் என்ற முறிவு மருந்தைக் கொடுப்பதிலேயே குறியாக இருந்தேன். கழற்றிய சுவெட்டரை யாரோ பையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருக்கிறார்கள், பையின் வாயைக் கட்டவில்லை. அரை மணி நேரத்தில் சிற்றூழியர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நோயாளிக்குக் கொடுத்த மருந்தையே அவருக்கும் கொடுக்க வேண்டியதாயிற்று. தவறு என்னுடையது. அன்றிலிருந்து உடுப்பு முதலில், ஊசி அடுத்தது என்றுதான் எனக்குக் கீழே வந்த எல்லோருக்கும் சொல்லி வருகிறேன்.

உங்கள் நண்பர்கள் அன்று மாலையே வீட்டுக்கு வந்தது எனக்குப் பிடிக்கவில்லை. இந்த வகை நஞ்சில் முதல் அறிகுறிகள் அடங்கிய பிறகு, ஒன்றிலிருந்து நான்கு நாளுக்குள் கழுத்துத் தசைகளும் கைகால்களின் மேற்பகுதித் தசைகளும் தளர்ந்து மூச்சுத் தசைகளே நின்றுபோகலாம். இதை உலகத்துக்குச் சொன்னவர்கள் வேறு யாரும் இல்லை, பேராதனையிலிருந்த நிமல் சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கரள்ளியத்தவும்தான். 1987இல் இங்கேயே பார்த்த நோயாளிகளை வைத்து எழுதினார்கள். உங்கள் கூட்டாளிகளுக்கு அது வரவில்லை, நல்லது. அடுத்த முறை யாராவது 'இப்போது நல்லாயிருக்கு, வீட்டுக்குப் போகிறேன்' என்றால், தலையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். தலையணையிலிருந்து தலை எழும்பவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரி. எழும்பினாலும் வைத்தியர் சொல்லாமல் வீட்டுக்கு வரக் கூடாது.

இருமல்காரரை இந்த வாரமே அனுப்புங்கள். மூன்று மாத இருமலுக்கு அந்த லொறிதான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றாலே சளிப் பரிசோதனை செய்ய வேண்டும், காசநோய் இல்லை என்று உறுதிப்படுத்த வேண்டும். விபத்தைப் பற்றியும் சொல்லட்டும், சளியையும் கொடுக்கட்டும்.

சான்றிதழ் எதற்கு அனுமதி தருகிறது

அமெரிக்காவில் இதற்கு ஒரு சட்டவிதி இருக்கிறது. நம் நாட்டில் அது செல்லாது, ஆனால் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். முதல் படியில் இருப்பவர் ஆபத்தை அடையாளம் கண்டு, விலகி நின்று, மற்றவர்களையும் விலக்கி, உரியவர்களைக் கூப்பிடுவார். அதோடு அவர் வேலை முடிந்தது. இரண்டாம் படிக்குக் குறைந்தது 8 மணி நேரப் பயிற்சி. அவரும் கசிவைத் தொடமாட்டார். தள்ளி நின்று மண்ணணை போட்டுத் தடுப்பது, வடிகாலை மறிப்பது போன்றவை அவர் வேலை. கிட்டப் போய் ஓட்டையை அடைப்பவர் மூன்றாம் படிக்காரர், அவருக்குக் குறைந்தது 24 மணி நேரம். முகத்துக்குப் பொருந்துகிறதா என்று சோதித்த முகமூடியோடு காற்றுச் சிலிண்டர், இரசாயனம் ஊடுருவாத முழு உடுப்பு, வெளியே தயாராக நிற்கும் மாற்று ஆட்கள், இத்தனையும் இருந்தால்தான் அவரும் இறங்குவார். இவர்கள் எல்லோருக்கும் வருடா வருடம் மறுபயிற்சி வேறு.

உங்களுக்குச் சொல்லப்பட்ட இரண்டு நாள் என்பது கூட்டினால் 16 மணி நேரம், அதிலும் தேநீர் இடைவேளை போகும். அதை முடித்துவிட்டு உள்ளே இறங்கலாம் என்று ஒருவர் சொன்னால் பணத்தைக் கொடுக்காதீர்கள். முதல் படியை நன்றாகச் சொல்லித் தருவதாக இருந்தால் யோசிக்கலாம். 'பயிற்சி முடிந்த பிறகு நாங்கள் எவற்றைச் செய்யக் கூடாது?' என்று மட்டும் அவரிடம் கேட்டுப் பாருங்கள். பட்டியல் சொல்லத் தெரிந்தவர் விஷயம் தெரிந்தவர். சிரித்து மழுப்பினால் அவர் விற்பது லேமினேட் பண்ணிய காகிதம்.

அப்புறம் முகமூடி. வடிகட்டி முகமூடி ஒக்சிசனைத் தராது, இருக்கிற காற்றை வடிகட்டும், அவ்வளவுதான். ஒரு வாயுவுக்கான வடிகட்டி இன்னொரு வாயுவைப் பிடிக்காது. திறந்து வைத்தால் நாள்பட வீரியம் போய்விடும். தாடி இருந்தால் ஓரத்தில் ஒட்டாது. எந்த வாயு என்றே தெரியாத இடத்துக்கு எந்த வடிகட்டியைப் போட்டுக்கொண்டு போவீர்கள்? அந்த ஆறு முகமூடியும் அலமாரியில் இருக்கும்வரை, 'நம்மிடம் சாமான் இருக்கிறதே' என்ற தைரியத்தைத்தான் தரும். அந்தத் தைரியத்துக்குத்தான் நான் பயப்படுகிறேன். மழைக்கோட்டும் அப்படித்தான், அது மழைக்கு.

ஓட வேண்டிய திசை

இனி உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்திய இடத்துக்கு வருகிறேன். லொறி மேலே. கான் கீழே. கானுக்குக் கீழே லயம், அதற்கும் கீழே பீலி. நேரம் விடியற்காலை. அந்த ஐந்து பேரும் அன்று ஓடியிருக்க வேண்டிய திசை லொறி அல்ல, தம்பி, லயம். பதினான்கு குடும்பம் தூங்கி எழும்பி அடுப்பு மூட்டுகிற நேரம். அவர்களை யாரும் எழுப்பவில்லை.

நாளைக்குக் காலையில் ஐந்தரை மணிக்கு மேல் முடக்கில் நின்று லயத்தின் அடுப்புப் புகையைப் பாருங்கள். மேலே எழும்பாது. கூரைக்கு மேல் படுத்து, மெதுவாக ஓடைப் பக்கம் வழுக்கிக்கொண்டு போகும். இரவில் மலைச்சரிவு குளிர்ந்து, குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரியே பள்ளத்துக்கு வடிகிறது. வெயில் ஏறியபின் பத்து, பதினொரு மணிக்கு வந்து பாருங்கள், அதே புகை சரிவில் மேல்நோக்கி ஏறும். ஆக, 'காற்று வரும் பக்கம், மேட்டில் நில்' என்ற பாடம் உங்கள் தோட்டத்தில் காலைக்கு ஒரு மாதிரி, பகலுக்கு இன்னொரு மாதிரி. பனிமூட்டம் இறங்கி இலை அசையாத நாளில் கனத்த வாயு பள்ளத்திலேயே தேங்கும். இதை வெளியூர்ப் பயிற்சியாளர் சொல்லித் தர முடியாது. ஒரு மாதம் புகையைப் பார்த்து ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எந்தச் சான்றிதழிலும் இல்லாத அறிவு அது.

கனத்த வாயு என்றேனே, சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கானுக்குள் இறங்கி, தவழ்ந்து, உங்கள் வீட்டு அடுப்பைத் தேடிக்கொண்டு வரும். குளோரின் காற்றைப்போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனம். குடிநீர் சுத்திகரிக்கும் இடங்களுக்கு அது சிலிண்டரில் போகிறது. பெற்றோல் ஆவியும் தரையோடுதான் ஓடும்.

உண்மையில் உங்கள் பாதையில் மருந்து லொறியைவிட அதிகம் எதிர்பார்க்க வேண்டியது எரிபொருள் பவுசரை, அதாவது தாங்கி லொறியை. கினிகத்தேனையிலிருந்து ஹட்டன் வரையுள்ள முடக்குகளைப் பார்த்தவருக்கு விளக்கம் தேவையில்லை. பவுசர் புரண்டால் முதலில் கேன், வாளியோடு ஓடுவது நம் ஆட்கள்தான். 2022இல் மண்ணெண்ணெய் வரிசையில் நின்ற ஞாபகம் யாருக்கும் போகவில்லை, குற்றம் சொல்லவும் முடியாது. ஆனால் 2017 ஜூனில் பாகிஸ்தானின் பஹாவல்பூர் பக்கம் புரண்ட பவுசரில் எண்ணெய் அள்ளப் போன 200க்கும் மேற்பட்டோர் ஒரே தீயில் போனார்கள். உங்கள் குழு அன்றைக்கு வாளிகளைத் திருப்பி அனுப்பினால் அதுவே பெரிய வேலை. இதைக் கூட்டம் கூடியபின் சொல்லி எடுபடாது. கோயில் கூட்டத்தில், காலையில் வேலைக்குக் கூடும் பெரட்டுக் களத்தில் இப்போதே பேசிப் பழக்குங்கள்.

எவ்வளவு தூரம் என்று கேட்பீர்கள். வட அமெரிக்கத் தீயணைப்பு வண்டிகளில் கிடக்கும் அவசர உதவிக் கைநூல் ஒன்று உண்டு, நான்கு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள், கடைசியாக 2024இல் வந்தது. ஆங்கிலம்தான், ஆனால் இலவசமாகத் தொலைபேசியில் இறக்கிக்கொள்ளலாம். நச்சுத் திரவமோ பெற்றோலோ சிந்தியிருந்தால் முதலில் எல்லாப் பக்கமும் குறைந்தது 50 மீற்றர், குளோரின் அல்லது சமையல் வாயுக் கசிவுக்கு 100 மீற்றர், வாயுப் பவுசரே தீயில் மாட்டிக்கொண்டால் 1600 மீற்றர் என்று அது சொல்கிறது. இவை ஆரம்பக் கணக்கு, கசிவு பெரிதென்றால் தூரமும் கூடும். எண் மறந்துபோனால் கையை நீட்டிக் கட்டைவிரலைத் தூக்குங்கள். விபத்து முழுவதும் விரலுக்குப் பின்னால் மறையவில்லை என்றால் நீங்கள் இன்னும் கிட்டத்தான் நிற்கிறீர்கள்.

பவுசர்களின் பின்புறத்தில் செம்மஞ்சள் பலகை இருந்தால் அதில் இரண்டு வரி எண் இருக்கும். கீழ்வரி சரக்கின் எண். 1203 பெற்றோல், 1202 டீசல், 1075 சமையல் வாயு, 1017 குளோரின், 1005 அமோனியா. மேல்வரியில் எக்ஸ் எழுத்து இருந்தால் தண்ணீர் படக் கூடாத சரக்கு. எல்லா லொறியிலும் பலகை இருக்காது, அதுவும் மருந்துக் கடைக்குச் சில்லறையாக ஏற்றிப்போகிற லொறியில் எதிர்பார்க்காதீர்கள். அப்போது சாய்சதுர ஒட்டுச்சீட்டு, மண்டையோட்டுப் படம், கேனின் நிறம், எது கண்ணில் பட்டாலும் சொல்லுங்கள். அதைப் பார்க்கத்தான் பைனாகுலர். சுமாரான ஒன்று போதும். தொலைபேசிக் கெமராவைப் பெருக்கிப் படம் எடுத்தாலும் சரி, அந்தப் படம் ஆஸ்பத்திரிக்கு எங்களுக்கு வரட்டும். என்ன நஞ்சு என்று தெரியாமல் வைத்தியம் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று எங்களுக்குத்தான் தெரியும்.

கூப்பிட வேண்டிய எண்கள்: அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, தீயணைப்பு 110, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. 'பெற்றோல் பவுசர், செம்மஞ்சள் பலகையில் 1203, இந்த மைல்கல்லுக்குப் பக்கத்து முடக்கு, சாரதி உள்ளே, பேசுகிறார், கசிவு கானில் ஓடுகிறது, இந்தப் பக்கத்துப் பாதையால் வாருங்கள்' என்று ஒரு மூச்சில் சொல்லப் பழகுங்கள். கடைசி வாக்கியம் முக்கியம். ஆவிக்குள்ளால் அம்புலன்ஸை வரவழைத்துவிடக் கூடாது. பதற்றத்தில் சிங்களம் தடுமாறும் என்றால் இரண்டு மொழியிலும் ஒரு அட்டையில் எழுதி, கடையிலும் டிஸ்பென்சரியிலும் ஒட்டி வையுங்கள்.

இன்னொரு ஆள் பீலிக்கு ஓட வேண்டும். மணம் போனது மருந்து போனதற்கு அடையாளம் அல்ல. பல நஞ்சுக்கு மணமே இல்லை, சில வாயுக்கள் மூக்கையே மரத்துப்போகச் செய்யும். தண்ணீரைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சரி சொல்லும்வரை குடிக்கவும் குளிக்கவும் கூடாது. கசிவை நீரடித்துக் கழுவிவிடலாம் என்று யாராவது சொன்னால் மறியுங்கள். அது ஓடைக்கும், ஓடையிலிருந்து கொத்மலை ஓயாவுக்கும் போகும். கசிவு வந்து சேர முன்னால், வெகு கீழே, கானில் மண்மூட்டை போட்டு மறிப்பது நல்லது. அதுவும் ஆவி வராத தூரத்தில், கையில் படாமல் முடியும் என்றால் மட்டும்.

வெளியே வந்தவரைக் கழுவுவது

உங்கள் குழு உயிர் காக்கக்கூடிய இடம் இது. உடுப்பைக் கழற்றினாலே மேலே பட்டதில் பெரும்பகுதி போய்விடும். தலைக்கு மேலால் இழுக்காமல் கத்தரியால் வெட்டுங்கள், இல்லாவிட்டால் முகத்தில் பூசியதாகிவிடும். பொடி என்றால் முதலில் தட்டி உதறிவிட்டுத் தண்ணீர். பிறகு சவர்க்காரம், நிறையத் தண்ணீர், முடியிலும் நகத்திலும் கவனம். கண்ணில் பட்டிருந்தால் குறைந்தது 15 நிமிடம் ஓடுகிற தண்ணீர். குழாயை நீங்கள் காற்று வரும் பக்கம் தள்ளி நின்று பிடியுங்கள், தேய்ப்பதை முடிந்தவரை அவரே செய்யட்டும். நைட்ரைல் கையுறை வாங்குங்கள், ஆஸ்பத்திரி ரப்பர் கையுறை இந்த மருந்துகளுக்குத் தாங்காது. உடுப்பு இரட்டைப் பையில் போய் வாயைக் கட்டி வெளியிலேயே இருக்கட்டும். வாந்தி எடுக்கவைக்க வேண்டாம்.

நம் ஊரில் இதற்கு இரண்டு தடை. ஒன்று குளிர். விடியற்காலைப் பீலித் தண்ணீரில் பத்து நிமிடம் நிறுத்தினால் ஆள் விறைத்துப்போவார். இளஞ்சூட்டு நீர் கிடைத்தால் நல்லது, சூடு கூடவும் கூடாது. துடைத்ததும் போர்த்தக் கம்பளி வேண்டும். மற்றது வெட்கம். நடுப்பாதையில் சேலையைக் கழற்று என்றால் எந்தக் கொழுந்தெடுக்கும் அக்கா சம்மதிப்பார்? நான்கு கம்பும் இரண்டு படங்கும் இருந்தால் ஒரு மறைப்பு. உங்கள் குழுப் பட்டியலில் ஒன்பது ஆண்கள், ஒரு பெண்கூட இல்லை. இதைத் திருத்தாமல் கழுவும் வேலையைத் தொடங்காதீர்கள்.

வழக்கும் நிர்வாகமும்

நான் வழக்கறிஞன் இல்லை, ஆனாலும் இந்தளவு சொல்லலாம். வழியில் நிற்கிற ஒருவர் தன் உயிரைப் பணயம் வைத்து இறங்கியே தீர வேண்டும் என்ற பொதுக் கடமை நம் சட்டத்தில் இல்லை. விலகி நின்று உதவி கூப்பிட்டவரை யாரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. பாவத்தைப் பற்றிக் கேட்டீர்கள். லயத்தை எழுப்பி, பீலியை மறித்து, பாதையை அடைத்து நிற்கிறவர் சும்மா நிற்கவில்லை.

உங்கள் பக்கத்து ஆபத்து வேறு. தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1934இலிருந்து இருக்கிறது, ஆனால் அது வேலையின்போது, வேலையின் காரணமாக வந்த காயத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை மன்றத்தின் பெயரில் இறங்கி அடிபட்டால் அது கைகொடுக்கும் என்று நம்ப வேண்டாம். ஆகவே நிர்வாகத்திடம் மீட்புக் குழு என்று கேட்காமல் வேறு விதமாகக் கேளுங்கள். தோட்டத்து மருந்து ஸ்டோர், டீசல் தாங்கி ஆகியவற்றின் அவசரத் திட்டம் என்ன, அதில் எங்களுக்கு என்ன வேலை என்று எழுத்தில் கேளுங்கள். 'எங்கள் வேலை இல்லை' என்று அதற்குப் பதில் எழுதுவது எந்தத் துரைக்கும் அவ்வளவு சுலபமில்லை. மறுபக்கம் மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவுக்கும் பிரதேச செயலகத்துக்கும் கிராம உத்தியோகத்தர் வழியாகக் கடிதம் போகட்டும். முதலுதவிக்குச் செஞ்சிலுவைச் சங்கம் இருக்கிறது. நுவரெலியா மாநகர சபைத் தீயணைப்புப் பிரிவிடம் ஒரு நாள் வந்து முடக்கைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எப்போது உங்கள் பாதைக்கு வந்து சேர்வார்கள் என்று அவர்கள் வாயாலேயே தெரிந்துகொண்டால், நீங்கள் எவ்வளவு நேரம் தனியாகச் சமாளிக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

180,000இல் பெரும்பகுதி மிஞ்சும். பைனாகுலர், ஒலிபெருக்கி, ஐம்பது மீற்றர்க் கயிறு, பாதை மறிக்கச் சிவப்புக் கொடியும் டோர்ச்சும், நீண்ட குழாய், படங்கு, கம்பளி, நைட்ரைல் கையுறை, கத்தரி, தடித்த பை. மீதியை வருடத்துக்கு இரண்டு ஒத்திகைக்கு வையுங்கள். ஒரு ஒத்திகையாவது விடியற்காலை ஐந்தரைக்கு நடக்கட்டும். லயத்தை எழுப்ப எத்தனை நிமிடம் என்று கடிகாரம் பிடித்துப் பாருங்கள், பிறகு எனக்கு எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று. அந்த முச்சக்கரவண்டி அண்ணன் காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் ஏற்றிப் போகிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள். பின்சீட்டைத் துடைத்ததாக மட்டும் சொல்கிறீர்கள், பஞ்சை மாற்றியதாக இல்லை. மாற்றவில்லை என்றால் மன்றப் பணத்தில் இந்த வாரமே மாற்றிக் கொடுங்கள். பழைய பஞ்சைக் கையுறை போட்டு எடுத்து இரட்டைப் பையில் கட்டி, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு ஒப்படைக்கச் சொல்லுங்கள், அடுப்பில் போட்டு எரிக்க வேண்டாம்.